ஐந்து வருடம் எதற்கு?

மார்பிலிருந்த கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் முடிந்து, எனக்கு இது நான்காவது வருடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 மில்லிகிராம் டமாக்சிஃபென் மாத்திரை ஒன்று, மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க. ஐந்து வருடம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். முதல் கோடையில் நடு இரவில் உடம்பெல்லாம் அனல் பரவி, தலையணை நனைய எழுந்து உட்கார்வேன். கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை என்று அழுதிருக்கிறேன்.

எனக்குப் புரியும்படி பதில் சொன்னவை எலிகள்தாம்.

1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இந்த மருந்தை உருவாக்கினார். அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளிடம் பலித்தது, பெண்களிடமோ சினைமுட்டை வெளிவருவதையே தூண்டியது. அப்படிக் கைவிடப்பட்டிருக்க வேண்டியதைப் புற்றுநோய் மருந்தாக விடாப்பிடியாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் கிரெய்க் ஜோர்டன்.

டிஎம்பிஏ என்ற ரசாயனத்தை ஒரே ஒரு முறை கொடுத்தாலே இளம் பெண் எலிகளுக்குச் சில மாதங்களில் மார்பகக் கட்டிகள் வந்துவிடும். கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே ஜோர்டன் டமாக்சிஃபென் கொடுத்தார். ஒரு மாதத்தோடு நிறுத்திய எலிகளுக்குக் கட்டி தள்ளிப்போனது, ஆனால் வந்தது. நிறுத்தாமல் கொடுத்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு வரவில்லை. இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. மருந்து புற்றுநோய்ச் செல்களை ஒரேயடியாகக் கொன்றுவிடவில்லை. அவற்றை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, அவற்றைப் பட்டினி போட்டிருக்கிறது. அது எழுந்துபோனால் அவை மறுபடி சாப்பிடத் தொடங்கும். பின்னால் பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலும் ஒன்றிரண்டு வருடத்தைவிட ஐந்து வருடம் மேலென்றே தெரிந்தது.

இன்னொரு சோதனையும் மனத்தை விட்டுப் போகவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலியின் உடலில் மனித மார்பகக் கட்டியையும் கருப்பை உட்சுவர்க் கட்டியையும் சேர்த்தே வளர்த்தார்கள். டமாக்சிஃபென் கொடுத்தபோது மார்பகக் கட்டி அடங்கியது. கருப்பைக் கட்டி வளர்ந்தது. ஒரே மருந்து, ஒரே சுண்டெலி. ஒவ்வொரு முறையும் டாக்டர் “ரத்தப்போக்கு உண்டா?” என்று கேட்பது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியும், போன மாதம் இரண்டு துளி ரத்தம் கண்டேன். முன்பு என்றால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்திருப்பேன். மறுநாள் காலையே போய் நின்றேன். சதைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். அன்று இரவும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.