ஒரே மரச்சட்டத்துக்குள் பட்டாளமும் பஞ்சாயத்தும்

2024 தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன், திருத்துறைப்பூண்டி பக்கம். சித்தி ரேஷன் கார்டைத் தேடிப் பீரோவைக் குடைந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஆறு ராணுவப் பதக்கங்கள். அவற்றுக்கு அடியில் நாலாய் மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு தாள். ஊராட்சித் தலைவராக ஜெயித்ததற்கு 2020 ஜனவரியில் கொடுத்த சான்றிதழ். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இரண்டையும் ஒரே கண்ணாடி போட்ட மரச்சட்டத்துக்குள் வைப்பதுதான் இந்த மழைக்காலத்து மரவேலை என்று.

சித்தப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கிய பொறியாளர் படை அது, பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம்தான் அதன் சென்டர். அந்தப் படை ஆட்களுக்கு ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் பெயர். 1986இல் சேர்ந்து 22 வருஷம் கழித்து ஹவில்தாராக வந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்தபோது ஊரில் தலைவரே கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இவர் நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ரம்பமும் கயிறுமாய் ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழி பண்ணினார். அடுத்த வருஷம் டிசம்பரில் தேர்தல் வந்ததும், "நீங்கதான் நிக்கணும்" என்று ஊரே வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம்: மரம். தஞ்சாவூரில் வீணை செய்கிற ஒருவரிடம் பலா மரத் துண்டுகள் கேட்டு வாங்கினேன். நன்றாகக் காய்ந்த மரம். இழைப்புளி ஓட்டினால் மஞ்சள் சுருள் வெண்ணெய் போல வந்தது. சட்டத்தின் இரண்டு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்ற இரண்டு பக்கத்துக்கு மரக்கடையில் வாங்கினேன். உள்ளளவு 16 அங்குலத்துக்கு 14. ஆழம் ஒன்றேகால் அங்குலம் விட்டேன், கண்ணாடி பதக்கத்தைத் தொடக்கூடாது. மூலைகளை 45 டிகிரியில் அறுத்துப் பசை போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது நாலும் சரியாக இருந்தன.

நவம்பர் கடைசி: ஃபெஞ்சல் புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே டெல்டாவில் நாலைந்து நாள் கொட்டித் தீர்த்தது. சம்பா நாற்று தண்ணீருக்குள். தலைவரைச் சட்டத்துக்கு அளவு கேட்கப் போனால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். என் பட்டறையிலும் சேதம்தான். கடை மரம் ஈரம் குடித்து ஊதி, மூலைகள் வெளிப்பக்கம் வாய் திறந்துவிட்டன, நகம் நுழையும் அளவுக்கு. மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டியவன் நான். பிரித்துவிட்டேன். துண்டுகளை அறைக்குள் காற்றாட இரண்டு வாரம் போட்டு, மறுபடி இழைத்து, மூலைக்கு மூலை குறுக்கே மெல்லிய மரச் சீவல் செருகி ஒட்டினேன். இந்த முறை கொம்பரக்கு பாலிஷை முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கம், உள்பக்கம் எல்லாம் அடித்தேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரம் குடிக்கும்.

டிசம்பர், பதக்கங்கள்: இதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். இரண்டு பதக்கத்தை யாரோ எப்போதோ புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். மேடான இடமெல்லாம் மழுங்கியிருந்தது. மற்றவற்றை மெல்லிய தூரிகையால் தூசி தட்டியதோடு விட்டேன். இருக்கிற கருமை இருக்கட்டும். துடைத்துக்கொண்டிருந்தபோது விளிம்பில் விரல் இடறியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவருடைய படை எண், பதவி, பெயர், அத்தனையும் அந்த மெல்லிய விளிம்பைச் சுற்றிப் பொறித்திருந்தது. அதனால் பசையே கூடாது என்று முடிவு. ரிப்பனை மட்டும் அட்டையில் நூலால் தைத்தேன், பதக்கம் தொங்கும், விரும்பினால் திருப்பிப் படிக்கலாம்.

வரிசையைத் தப்பாக வைத்துவிட்டேன். வாங்கிய தேதிப்படி 9 ஆண்டு சேவைப் பதக்கத்தை முதலில் வைத்திருந்தேன். சித்தப்பா பார்த்ததும், "தம்பி, பட்டாளத்துல தேதி கணக்கு கெடயாது. ஆபரேஷன் முன்னால, சர்வீஸ் பின்னால" என்றார். நெஞ்சின் நடுவை ஒட்டி வருவதுதான் உயர்ந்தது, அதாவது எதிரே நின்று பார்க்கிறவருக்கு இடக்கைப் பக்கம். ஆபரேஷன் விஜய் (கார்கில்), ஆபரேஷன் பராக்ரம், சைனிய சேவா (கடினமான இடங்களில் பணியாற்றியதற்கு), அப்புறம் 1997இன் சுதந்திரப் பொன்விழாப் பதக்கம், 20 ஆண்டு, கடைசியாக 9 ஆண்டு. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன். பராக்ரம் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2001 டிசம்பரில் தொடங்கி பாகிஸ்தான் எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தது சாப்பர்கள்தான். படை திரும்பியபின் அதை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்ததும் அவர்கள்தான். "பொதைக்கிறப்ப பயமில்ல. எடுக்கிறப்பதான்" என்றார்.

கீழ்ப்பாதி: முதலில் போட்ட திட்டப்படி பதக்கங்களுக்குப் பெரிய இடம், தேர்தல் சங்கதிக்கு அடியில் மூன்று விரல் அகலப் பட்டை. சித்தி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு பார்டர்ல இருந்தப்ப லெட்டராவது வரும். பிரசிடெண்டா இருந்த அஞ்சு வருஷம்தாம்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவத் தட்டுவாங்க. கொரோனாவுல இந்த மனுஷன் வீடு வீடா போயிட்டு வந்து திண்ணையிலயே படுத்தாரே, அது சின்னதா?" எனக்குச் சுருக்கென்றது. ஆகஸ்ட் 15க்குப் பட்டாளத்தாருக்குச் சால்வை போடுகிற ஊர், பதவி முடிந்த தலைவருக்கு ஒரு வெற்றிலை பாக்குகூட வைப்பதில்லை. உடை மாறியதே தவிர வேலை மாறவில்லை. பாலம் போட்டவர் மதகு கட்ட வந்தார், அவ்வளவுதான். சட்டத்தைச் சரிபாதியாகப் பிரித்தேன், 7 அங்குலம் மேலே, 7 கீழே.

மேல்பாதிக்கு ராணுவப் பச்சைத் துணி. கீழ்ப்பாதிக்கு இளஞ்சிவப்பு. கிராம ஊராட்சித் தலைவருக்கான வாக்குச்சீட்டின் நிறம் அது. வார்டுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று கையில் நாலு சீட்டு கொடுத்தார்களே, நினைவிருக்கும். அதன் மேல் சான்றிதழ் (மடிப்புகளைப் பின்னாலிருந்து மெல்லிய தாள் ஒட்டிச் சரிசெய்தேன்), ஒரு பிட் நோட்டீஸ், ஒரு சாவி. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. இவருக்குப் பூட்டு சாவி கிடைத்திருந்தது. பிரசாரத்தில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போன திண்டுக்கல் பூட்டின் சாவி அது.

வேலை நடக்கும்போது சித்தப்பா சொன்ன ஒன்று: சர்வீஸில் இருக்கிறவரை கட்சியில் சேரவும் கூடாது, தேர்தலில் நிற்கவும் கூடாது. ஓட்டு மட்டும் போடலாம், அவர் போட்டது தபாலில். "இருபத்திரண்டு வருஷம் ஓட்டை கவர்ல போட்டு அனுப்பினவன், ஒரு நா என் சின்னம் இருந்த சீட்டுல நானே முத்திரை குத்தினேன்" என்றார். உத்தராகண்ட் முதலமைச்சராக இருந்த மேஜர் ஜெனரல் கண்டூரியைப் பற்றியும் பேசினார். வாஜ்பாய் அமைச்சரவையில் நெடுஞ்சாலைத் துறையைப் பார்த்தவர். "அவரும் எங்க இன்ஜினியர்ஸ்தான்" என்று சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், 1953இல் ஜெனரல் கரியப்பா ஓய்வுபெற்ற நாள். 2025இல் பொங்கலும் அதே நாளில். பொங்கல் பொங்கியதும் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். வெயில் நேரே படாத சுவர், ரிப்பன் வெளுத்துவிடும். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல்பாதியை ஒரு நிமிஷம் பார்த்தார். கீழ்ப்பாதி முன்னால்தான் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குறை ஒன்று: பின்பலகையை நாலு திருகாணியால் மூடியிருக்கிறேன். விளிம்பு எழுத்தைப் பேரன் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். அடுத்ததில் முன்கண்ணாடிக்கே கீல் வைத்துவிடுவேன். அடுத்தது யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. பக்கத்து ஊரில் வார்டு உறுப்பினராக இருந்த ஒரு முன்னாள் ராணுவ நாயக் (ஹவில்தாருக்கு ஒருபடி கீழ்), அவருடைய பதக்கங்கள் ஊறுகாய் ஜாடியில் இருப்பதாகக் கேள்வி. வீணைக்காரரிடம் நீளமான துண்டாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.