நாற்பதில் சேராதவன்

இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, வாடகைக் கூடமொன்றில் நடந்த ஜும்ஆ என்னும் வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகைக்குச் சென்றேன். நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. விரிப்புகள் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கிச் சுவருக்குக் கோணலாகப் போடப்பட்டிருந்ததால், மூலைகளில் யாரும் நிற்க முடியாத முக்கோண இடங்கள் மிஞ்சியிருந்தன. வாசலில் நின்ற பெரியவர் ஸலாம் சொன்ன கையோடு, "இங்கேயே தங்கிவிடும் எண்ணமா, திரும்பிப் போய்விடுவீர்களா?" என்று கேட்டார். இரண்டாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் போய்விடுவேன் என்றேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் என்னை விட்டுவிட்டு அடுத்தவரை எண்ணினார். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் பிறகுதான் விளங்கியது. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜும்ஆ நிறைவேற 40 ஆண்கள் வேண்டும். அவர்கள் அவ்வூரையே நிரந்தர வாழிடமாகக் கொண்டவர்களாகவும் இருக்க வேண்டும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க நிய்யத் (எண்ணம்) வைத்தவன் பயணி என்ற நிலை நீங்கி முகீம் (தங்கியிருப்பவன்) ஆகிவிடுகிறான். அவன்மீது ஜும்ஆ கடமை, ஆனால் நாற்பதில் அவன் சேரமாட்டான். பிழைக்க வந்தவனின் நிலையை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய குடியேற்றச் சட்டம் எதையும் நான் படித்ததில்லை.

இமாமைத் தவிர மூவர் இருந்தாலே போதும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து என்று அவரைப் பின்பற்றும் ஹனஃபி நண்பர்கள் வாரந்தோறும் நினைவூட்டுவார்கள். அந்த விவாதமெல்லாம் இமாம் உரைமேடையான மிம்பரில் ஏறும்வரைதான். குத்பா என்னும் உரையின்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "பேசாதே" என்பதுகூட வீண்பேச்சாகிவிடும். ஆனால் எங்கள் இமாம் தம் மத்ஹபை விடவில்லை. பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணிக்கை முப்பத்தெட்டோடு நின்றுவிட, குத்பா இல்லாமல் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹரின் நான்கு ரக்அத்தையே தொழவைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன், கணக்கில் வராமல்.

நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் (ரலி) வெள்ளிக்கிழமை பாங்கைக் கேட்கும்போதெல்லாம் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களுக்காகப் பிரார்த்திப்பார் என்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. மதீனாவில் முதன்முதலாக ஜும்ஆ நடத்தியவர் அஸ்அத்தான். அன்று கூடியவர்கள் 40 பேர். நபி (ஸல்) அவர்களோ 622இல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் (குடிபெயர்ந்து) வந்தபோது, மதீனாவை அடுத்த குபாவிலிருந்து புறப்பட்டு மதீனா நகருக்குள் நுழையும் முன், வழியில் பனூ ஸாலிம் குலத்தாரின் பள்ளத்தாக்கில் ஜும்ஆ தொழுவித்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களின் தொழுகையாகவே அதை நான் நினைத்துக்கொள்வேன்.

குளிர்காலத்தில் தொழுகைக்கு முன் கால் கழுவுவதற்குப் பதிலாகத் தோல் காலுறைமீது மஸஹு செய்யும் (ஈரக்கையால் தடவும்) சலுகையிலும் இதே பாகுபாடுதான்: பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு, முகீமுக்கு ஒரு பகல், ஓர் இரவு. மனத்தளவில் நான் பயணியாகவே இருந்தபோதும், நாள்தோறும் காலுறையைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் கால் கழுவத்தான் வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் இருமுறை நீண்டது. திரும்பும் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்பதை ஒருநாள் கவனித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவரிடம் போய், இனி என்னையும் எண்ணிக்கொள்ளலாம் என்றேன். அவர் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. "அப்படியானால் அடுத்த வாரம் அரை மணி முன்னதாக வந்துவிடுங்கள். விரிப்புப் போட ஆள் குறைவு" என்றார்.