வராத நகர்வை அளந்தவர்கள்

முதுகலை ஆய்வின்போது, நான் தயாரித்த மென்படலத்தின் மின்தடை ஒளி பட்டால் குறையும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். மூன்று மாதம் அளந்தும் வரைபடம் தட்டையாகவே வந்தது. கருதுகோள் தவறு என்று குறிப்பேட்டில் எழுதியபோது என் வழிகாட்டி கேட்டார்: "அந்த விளைவு இருந்திருந்தால் உன் கருவியில் எவ்வளவு தெரிந்திருக்கும்?" என்னிடம் விடை இல்லை.

இக்கேள்வியின் கனத்தை இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கெல்சனின் இரு சோதனைகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். ஒளி அலைகளைச் சுமப்பதாக அன்று நம்பப்பட்ட, வெளியெங்கும் நிறைந்த ஈதர் என்னும் ஊடகத்துக்குள் பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், ஒளி ஒரு திசையில் சென்று திரும்பும் நேரமும் அதற்குக் குறுக்கான திசையில் சென்று திரும்பும் நேரமும் சிறிது வேறுபடும் என்பது அக்கால எதிர்பார்ப்பு. பெர்லினின் தெரு அதிர்வுகள் இடையூறு செய்ததால் கருவியைப் பாட்ஸ்டாமுக்கு மாற்றி, 1881இல் அவர் அளந்தபோது, இரு திசைகளில் சென்று திரும்பிய ஒளிக்கதிர்கள் சேரும் இடத்தில் தோன்றும் ஒளி-இருள் பட்டைகளான குறுக்கீட்டு வரிகள் எதிர்பார்த்தபடி நகரவில்லை. அசையாத ஈதர் என்னும் கருதுகோள் பிழை என்று அப்போதே எழுதினார். ஆனால் எதிர்பார்க்க வேண்டிய நகர்வு அவர் கணக்கிட்டதில் பாதிதான் என்பது பின்னர் தெரியவந்தது. அவ்வளவு சிறிய நகர்வு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடியது.

தம் முடிவை வாதத்தால் காக்க முயலாமல், 1887இல் கிளீவ்லாந்தில் எட்வர்ட் மோர்லியுடன் சேர்ந்து அவர் கருவியையே புதிதாக அமைத்தார் என்பதுதான் எனக்கு இதில் மிக உயர்ந்ததாகப் படுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சதுர மணற்கல் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டதால் அதிர்வின்றிச் சுழற்ற முடிந்தது. கண்ணாடிகளுக்கிடையே ஒளியைப் பலமுறை திருப்பியனுப்பிப் பாதையைச் சுமார் 11 மீட்டராக நீட்டினர். இப்போது வரியிடைவெளியில் 0.4 பங்கு நகர்வு தெரிந்திருக்க வேண்டும். கிடைத்ததோ அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மறுப்பு என்று சொல்லும் தகுதி இந்த அளவுக்குத்தான் உண்டு. மூன்று மாத இடைவெளிகளில் மீண்டும் அளக்கத் திட்டமிட்டிருந்தவர்கள் அதைச் செய்யாமல் விட்டது எனக்கு வருத்தமே.

நான் கணக்கிட்டுப் பார்த்தபோது, நான் தேடிய மாற்றம் என் கருவியின் மின்னிரைச்சலைவிட, அதாவது அளவீட்டில் தானாக எழும் சிறு ஏற்ற இறக்கத்தைவிட, சிறியது என்று தெரிந்தது. எழுதிய வரியை அடித்துவிட்டு, இரைச்சலைக் குறைத்து மறுபடி அளந்தேன். வரைபடம் மீண்டும் தட்டையாகத்தான் வந்தது. ஆனால் இம்முறை, மாற்றம் இருந்தாலும் எந்த அளவைத் தாண்டாது என்று ஓர் எண்ணை அதன் கீழே எழுத முடிந்தது.