பன்னிரண்டு சொற்களைக் கொடுத்த இரவும் அதன் பின் வந்த அலைச்சலும்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 9.40 மணிக்கு, என் கிரிப்டோ வாலட்டின் (மின்னணுப் பணப்பையின்) சாவியான 12 மீட்புச் சொற்களை ஓர் இணையப் பக்கத்தில் என் கையாலேயே தட்டச்சு செய்தேன். 9.43 மணிக்குள் அதிலிருந்த 0.42 ஈதர் என்ற கிரிப்டோ காசும், டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் 640 யுஎஸ்டிடியும் போய்விட்டன. ரூபாய்க் கணக்கில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். தங்கையின் திருமணச் செலவுக்கென்று மூன்று ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. இப்போது எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும், அந்த இரவிலும் அதற்குப் பின் காவல் நிலையத்திலும் நான் தெரியாமல் செய்த தவறுகளை இன்னொருவர் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. வலையமைப்புக்குச் செலுத்தும் காஸ் கட்டணத்தைக் குறைவாக வைத்து அனுப்பிய ஒரு பரிவர்த்தனை பல மணி நேரமாக நிலுவையிலேயே கிடந்தது. அதே வரிசை எண்ணில், கூடுதல் கட்டணத்துடன் மறுபடி அனுப்பினால் அது நகர்ந்துவிடும். வாலட் செயலியிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. டெலிகிராம் குழுவில் விளக்கம் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில், வாலட் நிறுவனத்தின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்திருந்த ஒருவர் தனிச் செய்தியில் வந்தார். அவசரப்படுத்தவில்லை, பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, அது எதனால் நிற்கிறது என்பதைச் சரியாகவே விளக்கினார். என் நம்பிக்கையைச் சம்பாதித்தது அந்தச் சரியான விளக்கம்தான். பிறகு, "வாலட்டை மறு ஒத்திசைவு செய்யுங்கள்" என்று ஒரு சுட்டியைக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் 12 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகளை அடித்ததும் மீதி தானாக நிரம்பியது. மீட்புச் சொற்கள் எல்லாமே 2048 சொற்கள் கொண்ட, யாரும் பார்க்கக்கூடிய ஒரே பட்டியலிலிருந்து வருபவை. அதில் முதல் நான்கு எழுத்துகள் எந்த இரண்டு சொற்களுக்கும் ஒன்றாக இருக்காது. ஆகவே யார் வேண்டுமானாலும் அப்படி நிரம்பும் பக்கத்தைச் செய்துவிட முடியும். நானோ அதை அசல் நிறுவனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

பணம் போனதைப் பார்த்த பதற்றத்தில் அடுத்த தவறையும் செய்தேன். அதே 12 சொற்கள்தான் பாலிகான் என்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பில் உள்ள என் கணக்குக்கும் சாவி. அங்கே 410 யுஎஸ்டிசி (இதுவும் டாலர் மதிப்பை ஒட்டிய காசு) தொடப்படாமல் இருந்தது. அதை நகர்த்தக் கட்டணமாகச் செலுத்த வேண்டிய பிஓஎல் காசு மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து கொஞ்சம் பிஓஎல் வாங்கி அனுப்பினேன். அது வந்து சேர்ந்த சில நொடிகளிலேயே வேறொரு முகவரிக்குப் போய்விட்டது. கை தவறிவிட்டதோ என்று நினைத்து மறுபடியும் அனுப்பினேன், அதுவும் போனது. திருடப்பட்ட வாலட்டுக்குள் கட்டணக் காசு விழுவதற்காகவே ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல், இரவும் பகலும் காத்திருக்கும் என்பதையும், எந்த மனிதக் கையும் அதன் வேகத்தை முந்த முடியாது என்பதையும் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் கல்லூரித் தோழன் சொல்லித்தான் அறிந்தேன். "இனிமே ஒரு பைசாகூட அதுக்குள்ள போடாதடா" என்றான்.

அந்த 410ஐ மீட்டுக் கொடுத்தவன் அவன்தான், மீட்ட வழியும் சொல்லத் தக்கது. பணம் எடுக்கும் அனுமதியை ஒரு பரிவர்த்தனையாக அனுப்பாமல் வெறும் கையொப்பமாகத் தரும் வசதி யுஎஸ்டிசிக்கு உண்டு. பெர்மிட் என்று அதைச் சொல்கிறார்கள். கையொப்பமிடக் கட்டணம் எதுவும் இல்லை. அந்தக் கையொப்பத்தை வேறொரு வாலட் எடுத்துக்கொண்டு, தன் சொந்தக் கட்டணத்தில் பதிவு செய்து பணத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்ட வாலட்டுக்குள் கட்டணக் காசு நுழையவே தேவையில்லை என்பதால் அந்தத் தானியங்கி நிரலுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. வேறொரு கைப்பேசியில் புதிய வாலட் உருவாக்கி, அவன் எழுதிக் கொடுத்த சிறு நிரலைக் கொண்டு அதிகாலை 2 மணி வாக்கில் 410ம் புதிய முகவரிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இதே வசதியைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "கட்டணம் கிடையாது, கையொப்பம் மட்டும் போதும்" என்று ஏதாவது ஒரு தளம் கேட்டால், அந்தக் கையொப்பம் யாருக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிவரை அனுமதி தருகிறது என்பதை வாசிக்காமல் விரலை வைக்காதீர்கள்.

மறுநாள் காலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்தேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையானவர்தான். ஆனால் எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போனது, வங்கிப் பரிவர்த்தனை எண் என்ன என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். என் வங்கியிலிருந்து பணம் முறையாக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. திருட்டு நடந்ததோ எந்த வங்கியும் இல்லாத இடத்தில். கடைசியில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் நானே பதிவு செய்து, ஒப்புகை எண்ணைப் பெற்றேன். அந்தப் பகுதி அரை மணி நேரத்தில் முடிந்தது.

காவல் நிலையத்துக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை, அருகிலிருந்த நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் முறை அங்கே போனால், இந்தக் காசு என்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ரைட்டர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம்தான் பதில் இல்லை. வாலட்டில் எங்கேயும் என் பெயர் கிடையாது. நான் எக்ஸ்சேஞ்சில் வாங்கியதற்கும், அங்கிருந்து இந்த முகவரிக்கு அனுப்பியதற்குமான கணக்கு அறிக்கை வேண்டும். அதற்கு அடிப்படையான வங்கி அறிக்கையும் வேண்டும். கைப்பேசித் திரைப் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டால் மட்டும் போதாது. மின்னணு ஆவணம் என்பதால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும் என்றார். வேலைக்கு விடுப்பு எடுத்துப் போன அந்த நாள் முழுவதும் வீணானது. இந்த மூன்றையும் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள்.

மூன்றாம் முறை எல்லாத் தாள்களும் இருந்தன. திருடனின் முகவரியைப் புகாரில் ஏற்றும்போது அடுத்த சிக்கல் வந்தது. ஈதர் முகவரி என்பது 42 எழுத்துகள். ரைட்டர் என் அச்சுத் தாளைப் பார்த்து ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். முடித்ததும் ஒரு முறை சரிபார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு பூஜ்யம் 'ஓ' எழுத்தாகியிருந்தது, ஓரிடத்தில் 'பி' எழுத்து 6 ஆகியிருந்தது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு முகவரி. அதை வைத்து எந்த எக்ஸ்சேஞ்சிடமும் எதுவும் கேட்க முடியாது. அவர் சற்றுச் சலித்துக்கொண்டார். "சார், இது ஒன்னுதான் என்கிட்ட இருக்கிற தடயம்" என்றேன். அதன் பிறகு நான் வாசிக்க வாசிக்க அவர் அடிக்க, நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து முடித்தோம். பென் டிரைவை அங்கே செருக விடுவதில்லை. ஆகவே முகவரிகளையும் பரிவர்த்தனை எண்களான ஹாஷ்களையும் நிலையத்தின் மின்னஞ்சலுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். அன்று மாலை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது.

இதற்கிடையில், ஈதர் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் தளத்தில் நானும் தோழனும் பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்திருந்தோம். திருடன் யுஎஸ்டிடியை உடனே ஈதராக மாற்றியிருந்தான். யுஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனத்தால் ஒரு முகவரியையே முடக்க முடியும், ஈதரை அப்படி யாராலும் முடக்க முடியாது. மூன்று முகவரிகளைக் கடந்து ஒரு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் கணக்கில் அது போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுக்கு எழுதினேன். காவல்துறையின் கோரிக்கைக்கு மட்டுமே பதிலளிப்போம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலையும் அச்சிட்டு நிலையத்தில் கொடுத்தேன்.

டெலிகிராம் குழுவில் நடந்ததைச் சொன்ன அன்றே ஆறு பேர் தனிச் செய்தியில் வந்தார்கள். பத்து சதவீதம் முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருவோம் என்றார்கள். ஒருவர் தன்னை இணையப் புலனாய்வாளர் என்று சொல்லி ஓர் அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். இவர்கள் இரண்டாம் திருடர்கள். உறுதிப்படுத்தப்பட்ட பரிவர்த்தனையைத் திருப்பும் வித்தை எவரிடமும் கிடையாது. பறிகொடுத்தவனின் ஆசைதான் இவர்களுக்கு முதலீடு.

இப்போது, சாவியைத் தனிக் கருவிக்குள்ளேயே வைத்திருக்கும் வன்பொருள் வாலட்டுக்கு மாறிவிட்டேன். தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்கினேன். மலிவு விலைக் கடைகளில், சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டையோடு வரும் கருவிக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்கிறது என்று பொருள். சொற்களைக் காகிதத்தில் எழுதி ஒன்றை வீட்டிலும் இன்னொன்றைப் பெற்றோரிடமும் வைத்திருக்கிறேன். புகைப்படம் எடுக்கவில்லை, ஏனெனில் கைப்பேசிப் படங்கள் நாம் கவனிக்காமலே மேகச் சேமிப்பில் ஏறிவிடுகின்றன. முதலில் சிறு தொகையை அனுப்பி, கருவியை முழுவதும் அழித்து, காகிதத்திலிருந்து மீட்டுப் பார்த்த பிறகுதான் 410ஐ அதில் வைத்தேன். முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுப்பதையும் விட்டுவிட்டேன். தொடக்க எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் நம் முகவரியைப் போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து மிகச் சிறு தொகையை அனுப்பி, பட்டியலில் இடம்பிடித்து வைக்கிறார்கள். ஆகவே நடு எழுத்துகளையும் ஒப்பிட்டே அனுப்புகிறேன்.

புகார் கொடுத்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு, இரண்டு வாரங்களுக்கு முன்புதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. பணம் இன்னும் திரும்பவில்லை. நகல் கைக்கு வந்ததும் நிலைய வாசலிலேயே நின்று, கைப்பேசியைத் திறந்து, திருடனின் முகவரியை நான்கு நான்கு எழுத்துகளாக ஒப்பிட்டுப் பார்த்தேன். 42ம் சரியாக இருந்தன.