சாக்கில் கிடந்த முருகைக்கல்

பழைய உப்புநீர்த் தொட்டியைக் கலைத்தபோது பதினொரு கிலோ முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை)ச் சாக்கில் கட்டி விறாந்தை மூலையில் போட்டிருந்தேன். ஆறு வருடம் கழித்து அவிழ்த்தால், சாம்பல் பூத்த எலும்புக் குவியல். புதுத் தொட்டிக்கு அது மறுபடி தேவைப்பட்டது. வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் புதுக்கல் பெயர்த்து வர முடியாது. முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். பாசிக்குடாவில் முருகைப் பாறையைப் பார்த்தவனுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் கை வராது. ஆகவே இருப்பதையே உயிர்ப்பிக்க வேண்டும், அதாவது மீன்கழிவைச் சிதைக்கும் பக்ரீரியாவை அதில் மறுபடி குடியேற்ற வேண்டும்.

காய்ந்த கல்லில் அழுக என்ன இருக்கிறது என்று நேராகக் கடல்நீரில் போட்டேன். மூன்றாம் நாள் பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "தம்பி, கருவாடு ஏதும் ஊறப்போட்டாயா?" சோதனையில் அமோனியா லீட்டருக்கு 4 மில்லிகிராம் காட்டியது. துளைகளுக்குள் காய்ந்திருந்த பஞ்சுயிரிகளும் புழுக்களும் ஊறி அழுகத் தொடங்கியிருந்தன.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, 10 லீட்டர் தண்ணீருக்கு 1 லீட்டர் வாசனையில்லாத ப்ளீச் கலந்து ஒரு நாள் ஊறவைத்தேன். (அதே வாளியில் வினிகர் விட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.) பிறகு தேய்த்துக் கழுவி, மிச்சக் குளோரினைப் போக்கும் சோடியம் தயோசல்பேற் கரைத்த தண்ணீரில் முக்கி, வெயிலில் போட்டேன். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று இரண்டே நாளில் உலர்த்திவிட்டது.

அடுத்து, மூடியுள்ள கறுப்பு பீப்பாய், சிறு பம்பு, கடல்நீர், கல், நண்பனின் தொட்டியிலிருந்து பிழிந்த வடிகட்டிப் பஞ்சின் அழுக்கு. வேண்டிய பக்ரீரியா அந்த அழுக்கில்தான் இருக்கிறது. பக்ரீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. கச்சான் காலத்தில் வாவி கடலில் கலக்கும் முகத்துவாரம் பெரும்பாலும் மூடியிருப்பதால் கடல்நீர் முழு உப்போடு கிடைக்கிறது. மாரியில் அது திறந்து வாவித் தண்ணீர் பாய்ந்தால் இந்த வசதி இல்லை. ஆனால் அதே கச்சான் பீப்பாயையும் குடிக்கிறது. நான்கு நாளில் இரண்டு விரற்கடை இறங்கி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இலிருந்து 1.028 ஆகிவிட்டது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் நன்னீரைத்தான் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் தெரிந்ததால், அதையும் நீக்கும் RO வடிகட்டியில் எடுத்த தண்ணீர்.

அமோனியா மூன்று வாரத்தில் பூச்சியம், அதிலிருந்து பக்ரீரியா உண்டாக்கும் நைட்ரைட் ஐந்து வாரத்தில். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பாசிக்கு உரமாகும் பொஸ்பேற் லீட்டருக்கு 0.9 மில்லிகிராம்.

தண்ணீரை முழுதாக மாற்றினேன், மறுநாள் 0.1. ஒரு வாரத்தில் மறுபடி 0.7! சோதனைப் பெட்டியில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். கோளாறு கல்லில். வருடக்கணக்கில் மீன் உணவிலிருந்து வந்த பொஸ்பேற்றைச் சுண்ணக்கல் பிடித்து வைத்திருந்தது. சுற்றியுள்ள நீரில் அது குறையும்போது கல் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. ப்ளீச் அதைத் தொடுவதில்லை. அமிலத்தில் மேற்பரப்பைக் கரைத்து எடுக்கலாம், ஆனால் வீட்டு விறாந்தையில் அந்த வேலைக்கு எனக்குத் துணிவில்லை. மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தவை: 0.5, 0.4, 0.22, நேற்று 0.13.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு மாற்றம். 0.1க்குக் கீழே நின்றால் கல்லைத் தொட்டிக்கு மாற்றி, முதலில் இரண்டு கோமாளி மீன்கள் மட்டும். பெரியம்மா பீப்பாயைத் தாண்டும்போது இப்போதும் மூக்கைப் பொத்துகிறார், மணம் போய் ஒரு மாதம் ஆகியும்.