அறுபத்து மூவர்

26.11.2023, ஞாயிறு
கடைசி மாதவிடாயிலிருந்து 50 நாள். இரண்டு கோடு. மாலையில் இன்னொரு கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இரண்டு. மகளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

27.11.2023, திங்கள்
மாத்திரை என்றால் 63 நாளுக்குள் என்றார் டாக்டரம்மா. முதல் நாள் ஒன்று, ஒன்றிரண்டு நாள் கழித்து நான்கு. என் கணக்கில் டிசம்பர் 9 வரை. கோயில் வாசலை மிதிக்காத வீட்டுக்குள் அறுபத்து மூவர் புறப்பாடு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கவுன்டரில் இருந்தவள் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டாள். 18 வயது முடிந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், 1971 கருக்கலைப்புச் சட்டத்திலேயே அப்படித்தான் என்றேன். "சட்டம் இருக்கட்டும் மேடம், நாளைக்கு அவர் வந்து சத்தம் போட்டால்?" என்றாள். கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் முடித்துக்கொள்ளச் சொன்னாள், எம்.சி. ரோட்டில் புடவையோடு ஜாக்கெட் துணியையும் தள்ளிவிடுகிற மாதிரி.

28.11.2023, செவ்வாய்
பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையின் பூண்டு எண்ணெய் வாசனை. தெருவிலேயே வாந்தி.

29.11.2023, புதன்
இவரிடம் சொன்னேன். "உன் உடம்பு, உன் முடிவு" என்றார். பிழை சொல்ல முடியாத வாக்கியம். அதுதான் எரிச்சல். சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். சுமையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டு, அதற்கு உரிமை என்று பெயரும் சூட்டியாகிவிட்டது.

மாமா இன்னும் சுருக்கம். "இரத்தக் கட்டி, அம்மா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" பிறகு அரை மணி நேரம் பெரியார். கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் தாயின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணம் காட்டினார்கள், பெரியாரோ பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்றார். எனக்கும் அது பாடம். ஆனால் மாமா, அது தடுப்பதைப் பற்றி. நான் கேட்பது வந்துவிட்டதைப் பற்றி. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதபோது மந்திரம் சொல்வதை ஐயர்தான் செய்வார் என்று நினைத்திருந்தேன்.

1.12.2023, வெள்ளி
பாரிமுனையில் எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர நாத்திகர் ஒருவர்தான். அவரிடம் வாய்விட்டது தப்பு. "ஆத்மாவை நம்புகிறவர்களுக்காவது அது இன்னொரு பிறவி எடுக்கும். நமக்கு அந்த ஆறுதல் இல்லையே. அதற்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. அப்படியானால் நாம்தானே அதிகம் தயங்க வேண்டும்?" என்றார். அமெரிக்காவில் நாட் ஹென்டாஃப் என்ற பத்திரிகையாளர், கடவுள் இல்லை என்றவர், கடைசிவரை கருக்கலைப்பை எதிர்த்தாராம். வீடு வந்து சேரும்வரை பதில் கிடைக்கவில்லை.

2.12.2023, சனி
56. கூட்டம் கலைகிறது. தூக்கம் கலைகிறது. வேஷம் கலைகிறது. எல்லாம் தானாகக் கலைபவை. இது ஒன்றைத்தான் கலைக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய், 26 வாரம். முடியாது என்றுவிட்டார்கள். அவளுக்காகக் கோபப்பட்டேன். ஆனால் 26 வாரத்தில் நானாக இருந்தால் கை நடுங்கியிருக்கும் என்பதும் உண்மை. வட்டிக்கு வாங்கிய பணம் போல, நாளாக ஆகத் தர வேண்டியது ஏறுகிறது. முதல் நாளே முழுக்கடன் என்றால் ஒப்பமாட்டேன். கடனே இல்லை என்றாலும் ஒப்பமாட்டேன்.

4.12.2023, திங்கள்
58. புயல். விடிய விடிய மழை. மின்சாரம் இல்லை. தண்ணீர் இரண்டாம் படியில். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிட்டார்கள். டாக்டரம்மாவின் போன் மணி அடிக்கவே இல்லை.

5.12.2023, செவ்வாய்
வீட்டுக்குள் முழங்கால் அளவு, சாக்கடையோடு. பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினோம். அரிசி மூட்டை நனைவதற்குள் எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். "நீ தூக்காதே!" பின்னாலிருந்து மாமா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. எழுபத்தாறு வயதில் அவரே தூக்கினார். கட்டில் மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். இரத்தக் கட்டி என்றவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மூட்டையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

6.12.2023, புதன்
மெழுகுவத்தி. மற்றவர்கள் மொட்டை மாடியில். கட்டிலில் நானும் அத்தையும், காலுக்குக் கீழே தண்ணீர். அத்தை சொன்னார்: "எனக்கு இரண்டு. உன் மாமாவுக்கு ஒன்றுதான் தெரியும்."

எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. "பாவம் என்று தோன்றியதா அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

"பாவமா? யார்?" என்றார்.

7.12.2023, வியாழன்
61. பால் பாக்கெட் நூறு ரூபாய் சொல்கிறான். பாவி.

அலுவலக நண்பருக்குப் பதில் இப்போதுதான் வருகிறது, தண்ணீரை வாளி வாளியாக வெளியே ஊற்றும்போது. எனக்கும் பிறவி ஒன்றுதான், ஐயா. முப்பத்தொன்பது வருடம் அதில் போய்விட்டது. மறுபிறவி இல்லை என்பதை வயிற்றுக்குள் இருப்பதற்கு மட்டும் கணக்கில் எழுதி, சுமப்பவளுக்கு எழுதாமல் விட்டால் எப்படி? அதற்கு வாய்ப்பு போகிறது என்பதை மறுக்கவில்லை. அந்த வருத்தத்தை இறக்கிவைக்க எனக்குச் சந்நிதி கிடையாது. நானே வைத்துக்கொள்கிறேன்.

8.12.2023, வெள்ளி
62. போன் கிடைத்தது. நாளை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன். இவர் கூட வருகிறேன் என்றார். வாருங்கள், கையெழுத்து மட்டும் போடக்கூடாது என்றேன். புரிந்ததா தெரியவில்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சுவரெல்லாம் கறுத்துவிட்டதாம். எங்கள் சுவரில் வெறும் சேற்றுக் கோடு. இதுவும் இரண்டு: செவ்வாய் மட்டத்தில் ஒன்று, புதன் மட்டத்தில் ஒன்று.

9.12.2023, சனி
63. கொருக்குப்பேட்டை கேட்டில் ஆட்டோ நிற்கிறது. சரக்கு ரயில். இவர் மணி பார்க்கிறார். நான் பெட்டிகளை எண்ணுகிறேன். 31, 32