"சரிம்மா, நான் அப்புறம் கூப்பிடறேன்"

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இரண்டு வருஷமாகிறது. அந்தச் "சரி"யை ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊரையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

அமெரிக்காவில் குடியேற்ற கேஸ் பார்க்கும் வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்த அந்த அம்மாவின் மகனுக்கு வந்தது சாதாரண ஆர்.எஃப்.இ., அதாவது இன்னும் ஆதாரம் கேட்டுக் குடியேற்றத் துறை அனுப்பும் நோட்டீஸ். ஆன்லைனில் கேஸ் ஸ்டேட்டஸ் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தார். இன்னும் ஆதாரம் கேட்கிறார்கள் என்பதை, மறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன்: காகிதம் கைக்கு வரட்டும், அதுவரை எதையும் கற்பனை செய்யாதீர்கள்.

ஒன்பதாம் நாள் காகிதம் வந்தது. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 உடன் நாங்கள் வைத்த பிறப்புச் சான்றிதழ், அவர் நாற்பது வயதுக்கு மேல் பதிவு செய்து வாங்கியது. அது மட்டும் போதாது, பள்ளி ஆவணம் போன்றவற்றையும், பிறப்பை நேரடியாக அறிந்த இரண்டு பேரின் அஃபிடவிட்டையும் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஆர்.எஃப்.இ.யைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது கெடு தேதியை. 84 நாள், தபாலுக்கு 3 நாள். நோட்டீஸில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து கணக்கு, நம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. கெடுவை நீட்டித் தர மாட்டார்கள். பதில் ஒரே தடவைதான். பாதியை இன்றைக்கும் மீதியை அடுத்த மாதமும் அனுப்பினால், அந்தப் பாதியை வைத்தே முடிவு எழுதிவிடலாம். ஒரிஜினல் நோட்டீஸ் மேலே இருக்க வேண்டும். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "நேரடியாக அறிந்த" என்ற சொல்லைத்தான் அன்றைக்குக் கண் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அப்பா இல்லை. அம்மா இருக்கிறார், மாமா ஒருவர் இருக்கிறார். இரண்டு பேர் ஆயிற்று. அவ்வளவுதான் யோசித்தேன்.

அம்மாவிடம் பேசி விவரம் வாங்கி நானே வரைவு எழுதுவது வழக்கம். இங்கே ராத்திரி ஒன்பதரை, அங்கே காலை ஏழு. மகனும் லைனில் இருந்தார். வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, யார் பிரசவம் பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"வீட்லதாம்மா. ஐப்பசி அடைமழை. வெண்ணாத்துல தண்ணி கரை தட்டிப் போவுது. மருத்துவச்சி முழங்கால் தண்ணியில நடந்து வந்தா. தீவாளி முடிஞ்சு மூணாம் நாளு."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். "மூணாம் நாள்" என்று எழுதி முடித்த பிறகுதான் பேனா நின்றது. பாஸ்போர்ட்டில் ஜூன் 5.

"அம்மா, ஜூன் அஞ்சுன்னு சொல்லும்மா" என்றார் மகன்.

"அது வாத்தியார் போட்டதுடா. உனக்குக் காது எட்டுச்சுன்னு சேத்துக்கிட்டாரு."

நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்டவனுக்கு வயது சரியாக வரும்படி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைத் தலைமை ஆசிரியர் எழுதுவார். அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போய், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்குப் போய், விசாவுக்குப் போய், கடைசியில் அதுவே பிறந்த நாளாகிவிடும்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே ஒரு சேவல் கூவியது கேட்டது. அப்போதுதான் அந்தச் "சரிம்மா"வைச் சொன்னேன்.

போனை வைப்பதற்காகச் சொன்ன சரி அது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மகன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது அந்த ராத்திரியே எனக்குத் தெரியும். மறுநாள் கூப்பிட்டுத் தெளிவுபடுத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்பது உண்மை. அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கூரியர் வந்தது. மாமாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. முத்திரைத் தாளில் முழுக்க ஆங்கிலத்தில் டைப் செய்து, நோட்டரி முத்திரை குத்தியிருந்தது. ஜூன் 5 அன்று என் மகனை வீட்டில் பெற்றெடுத்தேன், இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று சத்தியம். அடியில் அம்மாவின் கையெழுத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டது. கடைசி எழுத்தின் புள்ளி முத்திரை மையோடு கலந்து அழிந்திருந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாராவது படித்துக் காட்டினார்களா என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி.

ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்திருந்தேன். மறுநாள் வக்கீலிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. பொய் என்று தெரிந்த சத்தியத்தை நான் அனுப்ப மாட்டேன், அம்மா தனக்குத் தெரிந்ததை எழுதட்டும், பள்ளித் தேதி எப்படி வந்தது என்பதைத் தனியாக விளக்கி எழுதுவோம் என்றார். பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பார்ப்பது ஆள் யார், எந்த நாட்டில் பிறந்தார், பெற்றோர் யார் என்பதைத்தான். பெற்றோர் கேஸில் சேரும் பிள்ளைகளுக்கு என்றால் 21 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கில் தேதிதான் உயிர், இவர் முதன்மை விண்ணப்பதாரர், தேதியால் எந்த லாபமும் அடையவில்லை, விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்றும் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இப்போதும் படுகிறது. ஐந்து வருஷம் கழித்து சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 போடும்போது பழைய ஃபைலை மறுபடி பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு கேள்வி வந்தால் அந்த அம்மாவின் கையெழுத்துதான் பொய்யாக நிற்கும்.

ஆனால் இதை மகனிடம் சொன்னபோது அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அப்ப ஏற்கெனவே குடுத்த சர்டிபிகேட்டும் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா அக்கா? பதிமூணு வருஷமா வரிசையில நிக்கறேன். என் கல்யாணப் பத்திரிகையைத் தவிர எல்லாப் பேப்பர்லயும் ஜூன் அஞ்சு. எங்க அம்மா உங்களை நம்பித்தானே பேசினாங்க? நீங்க கேட்டதை அவர்கிட்ட சொல்லணும்னு என்ன?"

சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்றேன். அது என் வேலை. வக்கீலின் லைசென்ஸ் சம்பந்தப்பட்டது. எல்லாம் சரிதான். அடுத்த வாரம் அவர் ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார். ஒரிஜினல் நோட்டீஸை நானே கவரில் போட்டுக் கொடுத்தேன். கெடுவுக்கு 31 நாள் பாக்கி இருந்தது. அந்தக் கவரின் மேல் கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுதினேன். அதற்கு மேல் செய்ய எதுவும் தோன்றவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் பாஸ்போர்ட்டில் இருப்பதும் ஜூன் மாதம்தான். என் கார்டுக்கு அஃபிடவிட் எழுதிக் கொடுத்தது பெரியம்மா. நான் தை மாதம் பிறந்தவள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தாளை வாங்கும்போது பெரியம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்போது இந்த வேலையில் இல்லை, தெரியாது என்று சொல்லலாம். தெரியாமல் இருந்ததா, கேட்காமல் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் என்பதைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் அவர் பிறந்த தேதி தெரிந்துவிடும். நான் பார்க்கவில்லை.

போன வருஷம் அந்த அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மகன் வேறு ஆபீஸுக்குப் போனது அவருக்குத் தெரியாது. அவனுக்கு அந்தக் கார்டு வந்துச்சாம்மா என்று கேட்டார். எனக்குத் தெரியலைம்மா, இப்ப வேற ஒருத்தர் பாக்கறாங்க என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அன்னிக்கு எதுவும் தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்றார்.

இல்லம்மா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இப்போதெல்லாம் அஃபிடவிட் வேண்டியிருந்தால் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து ஊருக்கே அனுப்பிவிடுகிறேன். எழுதி வருவதை வைத்துத்தான் வரைவு. அம்மாக்களிடம் போனில் பேசுவதில்லை.